இல்லமும் எழுத்தும்

ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "வீடு சரியில்லை, பையன் எப்படிப் படிப்பான்?" என்பதே அது. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றிய நான், அதனை எத்தனை முறை கேட்டேன் என்பதற்கும் கணக்கில்லை. எத்தனை முறை நானே சொன்னேன் என்பதற்கும் கணக்கில்லை. சொல்பவருக்கு மிகவும் வசதியான வார்த்தை அது. அதனைச் சொல்லி முடித்துவிட்டால், அந்தப் பையனுக்காக ஆசிரியர் செய்ய வேண்டியது எதுவும் மிஞ்சுவதில்லை அல்லவா?

மாணவச் செல்வங்களே! இதே வார்த்தையை ஒரு பெரிய நாடு, தன் மக்களுள் ஒரு பகுதியினரைப் பற்றி, அரசாங்க அறிக்கையாகவே எழுதி அச்சிட்டதுண்டு. அந்நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அம்மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய கறுப்பின மக்கள். ஆண்டு 1965. கறுப்பினப் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கி நிற்பதற்கு அவர்தம் குடும்ப அமைப்புத்தான் காரணமா என்னும் வினா அன்று எழுந்து, இன்றுவரை முற்றும் அடங்காமல் இருக்கிறது. அவ்வினாவின் வரலாற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். வினாவை 1965ஆம் ஆண்டில் தொடங்கினால் விடை ஒரு விதமாகவும், இருநூறு ஆண்டுகள் முன்னே சென்று தொடங்கினால் வேறு விதமாகவும் வரும் என்பதை நீங்களே காண்பீர்கள்.

அடிமை முறை நிலவிய காலத்தில், தென் மாநிலங்களின் சட்டம் அடிமைகளுக்கு இரண்டு பொருள்களை மறுத்தது. ஒன்று திருமணம், மற்றொன்று எழுத்து. அடிமைகள் தமக்குள் மணந்துகொண்டார்கள், பிள்ளைகளைப் பெற்றார்கள், ஆயினும் அம்மணத்தைச் சட்டம் மணமாக ஏற்கவில்லை. கணவனை ஓர் ஊருக்கும், மனைவியை மற்றோர் ஊருக்கும், பிள்ளையை மூன்றாம் ஊருக்கும் விற்பதற்கு எசமானனுக்கு முழு உரிமை இருந்தது. கடல் கடந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்ட பின்னர் உள்நாட்டு வாணிகம் பெருகிற்று. பருத்தித் தோட்டங்கள் பரவிய தென்கோடிப் பகுதிகளுக்கு, வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பெயர்க்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். அவருள் தாயைப் பிரிந்த சேயும், மனைவியைப் பிரிந்த கணவனும் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எழுத்தின் கதையும் இதுவே. அடிமைகளுக்கு எழுதக் கற்பித்தல் குற்றம் என்று தென் கரோலினா 1740ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. 1829ஆம் ஆண்டு முதல் 1832ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜீனியா, அலபாமா ஆகிய மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இத்தகைய சட்டங்களை இயற்றின. 1831ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமை தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. டர்னர் படிக்கத் தெரிந்தவர். அடிமை படித்தால் அடிமையாக இரான் என்னும் அச்சம் அதன்பின் மேலும் வலுத்தது.

இவ்விரு மறுப்புகளும் ஓர் உயிரில் வந்து கூடியதைக் காண விரும்புவோர் பிரெடெரிக் டக்ளஸின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். ஏறத்தாழ 1818ஆம் ஆண்டில் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர் அவர். தந்தை யார் என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார். தாய் ஹாரியட் பெய்லி வேறொரு பண்ணையில் வயல் வேலை செய்தாள். இடையே பன்னிரண்டு மைல் தொலைவு. பகலெல்லாம் உழைத்து, இரவில் அத்தனை தொலைவும் நடந்து வந்து, மகனைத் தன் பக்கத்தில் கிடத்தித் தூங்கச் செய்து, அவன் விழிப்பதற்குள் திரும்பிச் சென்றுவிடுவாள். கதிரவன் எழும்போது வயலில் இல்லாவிட்டால் சாட்டையடி காத்திருந்தது. இவ்வாறு அவள் வந்தது நான்கைந்து முறைக்கு மேல் இல்லை. மகனுக்கு ஏழு வயது ஆகும்போது அவள் இறந்துவிட்டாள்.

பின்னர் பால்டிமோர் நகரில் எசமானி ஒருத்தி சிறுவனுக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தாள். அவள் கணவன் அதனைத் தடுத்துவிட்டான். தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து, அதற்கு ஈடாக எழுத்துகளை வாங்கிக்கொண்டான் டக்ளஸ். 1838ஆம் ஆண்டில் தப்பி ஓடி, அடிமை ஒழிப்பியக்கத்தின் பெரும் பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்தார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. 1855ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இரண்டாம் தன்வரலாற்றில் உள்ள ஒரு செய்தி மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தாய் இறந்த பின்னரே அவர் ஒன்றை அறிந்தாராம்: தம் ஊர்ப் பக்கத்து அடிமைகள் அனைவருள்ளும் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. எழுத்தின்மேல் தமக்கு இருந்த ஆசை அவளிடமிருந்து வந்தது என்றே அவர் கொண்டார். நான்கைந்து இரவுகள் மட்டுமே கண்ட தாய்! அவ்வில்லத்தை "சரியில்லாத வீடு" என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிந்தது. அவ்வாண்டு இறுதியில் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். ஒரு சாரார் உறவினரைத் தேடிப் புறப்பட்டனர். கறுப்பினத் திருச்சபைகள் நடத்திய செய்தித்தாள்களில் விளம்பரங்கள் வரத் தொடங்கின. இன்ன ஆண்டில் இன்ன ஊரிலிருந்து இன்ன எசமானனால் விற்கப்பட்ட என் தாயைக் காண விரும்புகிறேன். அறிந்தவர்கள் எழுதுக என்னும் பொருளில் அமைந்தவை அவை. இத்தகைய விளம்பரங்கள் விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் வரை நின்றபாடில்லை. நாற்பது ஆண்டுக்கு முன் பிரிந்த தங்கையைத் தேடும் கிழவனின் விளம்பரத்தைப் படிக்கும்போது கண் கலங்காதவர் யார்? மற்றொரு சாரார், பல காலம் ஒன்றாக வாழ்ந்தும் சட்டத்தின் முன் மணமாகாதவர்களாக இருந்தவர்கள், தம் மணத்தைப் பதிவு செய்துகொள்ள அரசாங்க அதிகாரிகளின் முன் கூட்டம் கூட்டமாக வந்து நின்றனர். வேறொரு கூட்டம் பள்ளிக்கூடத்தின் வாயிலில் நின்றது. பாட்டனும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து அரிச்சுவடி பயின்ற காட்சி அக்காலத்துத் தென் மாநிலங்களில் அரிதன்று. சட்டம் மறுத்திருந்த அவ்விரண்டையும், இல்லத்தையும் எழுத்தையும், ஒரே மூச்சில் தேடினார்கள் அம்மக்கள்.

புக்கர் டி. வாஷிங்டன் என்னும் பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். 1856ஆம் ஆண்டில் அடிமையாகப் பிறந்து, 1881ஆம் ஆண்டில் டஸ்கேகி என்னும் ஊரில் பெரும் கல்வி நிலையத்தை உருவாக்கியவர். அவருக்கும் தந்தை யாரென்று தெரியாது. விடுதலைக்குப் பின் சிற்றப்பன் முறையில் வந்த மாற்றுத் தந்தை அவரை உப்புக் காய்ச்சும் உலையில் வேலைக்கு அமர்த்தினார். படிக்க வேண்டும் என்று சிறுவன் தாயிடம் சொன்னான். எழுத்தறியாத அந்தத் தாய் எவ்வாறோ தேடி, வெப்ஸ்டர் என்பவர் இயற்றிய நீல அட்டை எழுத்துப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மகன் கையில் கொடுத்தாள். அந்தப் புத்தகத்தை அவள் எங்கே எப்படிப் பெற்றாள் என்பது மகனுக்கே தெரியாது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1870ஆம் ஆண்டில் வெள்ளையரல்லாதாருள் நூற்றுக்கு எண்பது பேர் எழுத்தறியாதவர். 1900ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 44 என ஆயிற்று. 1930ஆம் ஆண்டில் 16. அறுபது ஆண்டுகளில் ஒரு மக்களினம் எழுத்தறியாமையிலிருந்து இவ்வாறு மீண்டு வந்தது. அதுவும் எத்தகைய ஆண்டுகளில்! 1896ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பிரித்து வைத்தல் முறைக்கு ஒப்புதல் அளித்திருந்தது. கறுப்பினப் பள்ளிகள் பருத்தி பறிக்கும் காலத்தில் மூடப்பட்டன. ஆண்டில் சில மாதங்களே நடந்த பள்ளிகள் பல. வாஷிங்டனின் தூண்டுதலால் 1912ஆம் ஆண்டு தொடங்கி, சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் கொடுத்த நிதியைக் கொண்டு, 1932ஆம் ஆண்டுக்குள் பதினைந்து மாநிலங்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. இதில் நம் கவனத்துக்குரியது வணிகரின் கொடை அன்று. ஊர் மக்கள் தம் பங்கைக் கொடுத்தாலன்றி அவர் நிதி வாராது என்பது ஏற்பாடு. குத்தகை உழவர்களாகிய அந்தக் கறுப்பின மக்கள் காசாகவும் மரமாகவும் உடலுழைப்பாகவும் கொடுத்தது, வணிகர் கொடுத்ததைவிடச் சிறிது மிகுதியே. பொதுப் பள்ளிக்கென வரியும் செலுத்தி, அவ்வரியால் தமக்குப் பள்ளி கிட்டாமையால் மீண்டும் ஒரு முறை கொடுத்தவர்கள் அவர்கள்.

அக்காலத்துக் குடும்பம் எத்தகையது? மேரி மக்லியோட் பெத்யூன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் பிறந்தவர். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பதினேழு பிள்ளைகள். அவர் பதினைந்தாம் பிள்ளை. நாள்தோறும் பல மைல் நடந்து பள்ளி சென்று, மாலையில் தாம் கற்றதை வீட்டாருக்குக் கற்பித்தார். 1904ஆம் ஆண்டில் புளோரிடாவில் ஒன்றரை டாலர் முதலீட்டில் அவர் தொடங்கிய பள்ளி பின்னர்க் கல்லூரியாயிற்று. இதற்கு நேர்மாறான இல்லமும் இருந்தது. கறுப்பின அறிஞருள் தலைசிறந்தவராகிய டூ பாய்ஸ் குழந்தையாக இருக்கும்போதே தந்தை வீட்டை விட்டுச் சென்றுவிட்டார். தாயும் ஊராரும் வளர்த்தனர். 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி 1908ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒழுங்கான ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டவரும் அவரே. 1939ஆம் ஆண்டில் பிராங்கிளின் பிரேசியர் என்னும் மற்றொரு கறுப்பினச் சமூகவியலார் ஒரு பெரு நூல் எழுதினார். அடிமை முறை குடும்பத்தைச் சிதைத்தது, நகரக் குடியேற்றம் மீண்டும் சிதைத்தது என்பது அவர் கொள்கை. அவர் குற்றம் சாட்டியது அடிமை முறையையும் வறுமையையும், மக்களையன்று. நூலைப் படித்தோர் பலர் இதனை மறந்தனர்.

நகரக் குடியேற்றம் என்றேன். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள தொழில் நகரங்களுக்குச் சென்றனர். ஆலைகளில் வேலை கிட்டியது. குடியிருக்க நல்ல தெருக்கள் கிட்டவில்லை. 1954ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் பிரித்து வைத்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்துக் குடியுரிமைச் சட்டம் வந்தது. சட்டம் திறந்த வாயிலில் பிள்ளைகள் ஏன் இன்னும் சமமாக நுழையவில்லை என்று கேட்கத் தொடங்கிய வேளையில்தான் 1965ஆம் ஆண்டின் அறிக்கை வந்தது.

அதனை எழுதியவர் டேனியல் பாட்ரிக் மாய்னிஹன். அப்போது தொழில் துறையில் துணைச் செயலாளர் நிலையில் இருந்தார். பிற்காலத்தில், 1973 முதல் 1975 வரை, புது தில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தவரும் இவரே. வெள்ளையர்; ஐரிஷ் மரபினர். இவருக்கு ஏறத்தாழப் பத்து வயதிருக்கையில் தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். நியூயார்க் தெருக்களில் பிறர் காலணிகளுக்கு மெருகிட்டுப் பணம் ஈட்டிய சிறுவன். ஆகவே தந்தையில்லா இல்லத்தின் வருத்தத்தை ஏட்டில் மட்டும் படித்தவர் என்று இவரைச் சொல்லுதல் பொருந்தாது.

அறிக்கை கூறியது இதுதான். 1963ஆம் ஆண்டில் கறுப்பினத்தாரிடையே பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று மணமாகாத தாய்க்குப் பிறந்தது. வெள்ளையரிடையே அது நூற்றுக்கு மூன்று. கறுப்பினக் குடும்பங்களுள் நான்கில் ஒன்றிற்குப் பெண்ணே தலைவி. இரு நூற்றாண்டு அடிமை முறையும், ஆண்களின் வேலையின்மையும் இந்நிலைக்குக் காரணம். பிள்ளைகளின் படிப்பு, தேர்வு மதிப்பெண், குற்றம் ஆகிய யாவும் இதனோடு பின்னிக் கிடக்கின்றன. அரசாங்கம் பெரு முயற்சி எடுத்தல் வேண்டும். சூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இக்கருத்துகளைச் சேர்த்துக்கொண்டார். ஆகஸ்டு மாதத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் கலகம் மூண்டது. அறிக்கை பரவலாக வெளிவந்தபோது கலகப் புகை அடங்கவில்லை. வேலையின்மையைப் பற்றிய பக்கங்களை விடுத்து, குடும்பத்தை நோயென்று குறித்த ஒரு தொடரை மட்டும் செய்தித்தாள்கள் பற்றிக்கொண்டன. அத்தொடரை எழுதியது மாய்னிஹன்தான். அப்பழியிலிருந்து அவரை நான் விடுவிக்க மாட்டேன். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட அறிக்கை, வீட்டைக் குறை கூறி விலகிக்கொள்ள விரும்பியோருக்குக் கருவியாயிற்று. துன்புற்றவனையே குற்றவாளியாக்கும் செயல் இது என்று வில்லியம் ரயன் என்னும் உளவியலார் 1971ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார்.

அடுத்த ஆண்டே, அதாவது 1966இல், மற்றொரு பேரறிக்கை வந்தது. ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், ஏறத்தாழ நாலாயிரம் பள்ளிகளில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களைச் சோதித்து எழுதியது. ஆசிரியர் பயிற்சியில் இதன் முடிபு ஒன்றை எங்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள்: மாணவனின் தேர்ச்சி பள்ளியின் கட்டடத்தையும் நூலகத்தையும்விட, அவன் குடும்பப் பின்னணியோடு மிகுதியாகத் தொடர்புடையது. அந்த ஒரு வரியைத்தான் நான் ஆண்டுக்கணக்காகக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பின் சற்று விரிவாகப் படித்தபோது, எங்களுக்குச் சொல்லப்படாத மூன்று செய்திகள் தெரியவந்தன. வீட்டில் தந்தை இருப்பதும் இல்லாமையும் கறுப்பின மாணவரின் தேர்ச்சியோடு மிகச் சிறிய தொடர்பே கொண்டிருந்தன என்பது ஒன்று. ஆசிரியரின் தரம் வெள்ளை மாணவரைவிடக் கறுப்பின மாணவருக்கே மிகுதியாகப் பயன்பட்டது என்பது மற்றொன்று. தன் முயற்சியால் தன் நிலை மாறும் என்னும் நம்பிக்கை எந்த மாணவனிடம் இருந்ததோ, அவன் சிறந்து விளங்கினான் என்பது மூன்றாவது. வீட்டைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசுவதற்கு உதவும் பகுதி மட்டும் எப்படியோ கடல் கடந்து வந்து சேர்ந்துவிட்டது. ஆசிரியரைப் பற்றிய பகுதி அங்கேயே தங்கிவிட்டது.

மாய்னிஹன் எழுப்பிய பூசலே ஹெர்பர்ட் கட்மன் என்னும் வரலாற்றாசிரியரைப் பழைய ஏடுகளுக்குள் செலுத்தியது. தோட்டக் கணக்குகள், மணப் பதிவுகள், மக்கள்தொகைக் கணக்குகள் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1976ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அடிமை முறை குடும்பத்தை அழித்துவிட்டது என்பதைச் சான்றுகள் ஏற்கவில்லை. விற்பனையால் பிரிக்கப்படும்வரை கணவனும் மனைவியும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தனர். மகனுக்குத் தந்தையின் பெயரையும், பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டன் பாட்டியர் பெயரையும் வைத்தனர். ஏன்? தந்தை நாளை விற்கப்படலாம்; பெயரையாவது விற்க முடியாதபடி பிள்ளையிடம் ஒப்படைத்தனர். 1925ஆம் ஆண்டில்கூட நியூயார்க் நகரின் கறுப்பினக் குடும்பங்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் தாய் தந்தை இருவரும் இருந்தனர். அடிமை முறையிலேயே குடும்பம் அழிந்தது என்றால், அறுபது ஆண்டு கழித்து இவ்வளவு குடும்பங்கள் எங்கிருந்து வந்தன?

அப்படியாயின் பிற்காலத்து மாற்றத்திற்குக் காரணம் யாது? இங்கே மீண்டும் சட்டத்தின் கை தெரிகிறது. வறிய தாய்மாருக்கு அரசாங்கம் கொடுத்த உதவித் தொகையை, வீட்டில் ஆண்மகன் ஒருவன் இருந்தால் பல மாநிலங்கள் நிறுத்திவிட்டன. அதிகாரிகள் இரவில் கதவைத் தட்டிச் சோதித்ததும் உண்டு. அலபாமா மாநிலத்தின் இத்தகைய விதியை உச்ச நீதிமன்றம் 1968ஆம் ஆண்டில்தான் தள்ளுபடி செய்தது. பின்னர்த் தொழிற்சாலைகள் வடக்கு நகரங்களை விட்டு விலகின. வேலையற்ற ஆண்மகனை மணக்கத் தயங்கும் பெண்ணின் நிலையை வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987ஆம் ஆண்டில் விளக்கினார். அத்தோடு சிறைகள் நிறைந்தன: 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த சிறைவாசிகள் தொகை 2009ஆம் ஆண்டில் பதினைந்து இலட்சத்தைக் கடந்தது. கறுப்பின ஆண்களே மக்கள்தொகையில் தம் பங்கைவிடப் பன்மடங்கு மிகுதியாக அடைக்கப்பட்டனர். அடிமைச் சந்தை இல்லை. ஆயினும் தந்தை வீட்டில் இல்லை.

இனி ஒரு புதிரைச் சொல்கிறேன். மணமாகாத தாய்க்குப் பிறந்த கறுப்பினக் குழந்தைகளின் பங்கு, மாய்னிஹன் காலத்தில் நான்கில் ஒன்று. அண்மைக் காலத்தில் பத்தில் ஏழு. வெள்ளையரிடையேயும் இப்போது அது நான்கில் ஒன்றைத் தாண்டியுள்ளது; அன்று நாட்டையே உலுக்கிய விகிதம் இன்று அவர்களுடையதாகிவிட்டது. இல்லத்தின் அமைப்பே கல்வியை முடிவு செய்யுமாயின், கறுப்பினக் கல்வி இந்த அரை நூற்றாண்டில் வீழ்ந்திருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு. 1960ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது நிரம்பிய கறுப்பினத்தாருள் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. இன்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர்.

இதனைக் கொண்டு, குடும்ப அமைப்பால் ஒரு வேறுபாடும் இல்லை என்று சொல்ல முந்துபவருக்கும் நான் உடன்பட மாட்டேன். சாரா மக்லனஹன், கேரி சாண்டபர் ஆகிய இருவரும் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி பெரிதும் மதிக்கப்படுவது. ஒற்றைப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகள், எவ்வினத்தவராயினும், பள்ளியை இடையில் விடுவது ஏறத்தாழ இரு மடங்கு மிகுதி என்று அவர்கள் கண்டனர். அவ்வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி வருமானக் குறைவால் வருவது. எஞ்சியதில் மேற்பார்வைக் குறைவும், வீடும் ஊரும் மாறிக்கொண்டே இருப்பதும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஒரு சம்பளத்தில் வாழ்வதும், ஒரு சோடிக் கண்களால் பிள்ளைகளைக் காப்பதும் எளிதல்ல. அத்தாய்க்கு இல்லாதவை பணமும் நேரமும்; அன்பு அன்று.

வீடு என்பதற்கு எல்லை எது என்பதும் இங்குக் கேட்கத் தக்கது. தாய், தந்தை, பிள்ளைகள் என்னும் மூன்றையே கணக்கெடுப்பவர் குடும்பம் என்றார். காரல் ஸ்டாக் என்னும் மானிடவியலார் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பாட்டி, பெரியம்மா, அத்தை, அண்டை வீட்டார் ஆகியோர் உணவையும் பணத்தையும் பிள்ளை வளர்ப்பையும் தமக்குள் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த கறுப்பினத் தெருவொன்றை விளக்கினார். நம் நாட்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ரால்ப் பஞ்ச் என்பவரை நினையுங்கள். 1917ஆம் ஆண்டில் தாய் இறந்தார். தந்தை உடன் இல்லை. பாட்டி லூசி ஜான்சன் பேரனை லாஸ் ஏஞ்சலீஸுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பள்ளியில் கைத்தொழில் பாடப் பிரிவே அவருக்குப் போதும் என்றிருந்தபோது, கல்லூரிக்கு இட்டுச் செல்லும் பாடங்களையே கொடுக்க வேண்டும் என்று பாட்டி உறுதியாக நின்றார். அந்தப் பேரன் 1927ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறினார். 1934இல் ஹார்வர்டு முனைவரானார். 1950ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

ரெஜினால்ட் கிளார்க் 1983ஆம் ஆண்டில் வெளியிட்டது சிறிய ஆராய்ச்சி. சிகாகோ நகரில் பத்து ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளுக்குள் சென்று அமர்ந்து பார்த்தார். ஐந்து வீட்டுப் பிள்ளைகள் நன்கு படிப்பவர். ஐந்து வீட்டுப் பிள்ளைகள் படிக்காதவர். இருவகையிலும் தாய் தந்தை இருவரும் உள்ள வீடும் இருந்தது. தாய் மட்டும் உள்ள வீடும் இருந்தது. வேறுபாட்டை அவர் கண்டது வேறிடத்தில்: பிள்ளையோடு வீட்டில் யாரேனும் பேசினார்களா, மாலைப் பொழுதுக்கு ஓர் ஒழுங்கு இருந்ததா, படிப்பைப் பற்றிக் கேட்டார்களா, பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் கண்டார்களா என்பவற்றில். இவற்றுள் எதற்கும் செல்வம் தேவையில்லை. ஓரளவு ஓய்வு தேவை.

ஜேம்ஸ் கோமர் என்னும் மருத்துவர் 1968ஆம் ஆண்டில் நியூ ஹேவன் நகரில் மிகவும் பின்தங்கிய இரு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பெற்றோரைப் பள்ளி நிருவாகத்தில் பங்கேற்கச் செய்து அப்பள்ளிகளை உயர்த்தினார். அவருடைய தாயார் இரண்டாண்டுப் பள்ளிப் படிப்பும் நிரம்பாதவர். பிறர் வீட்டில் வேலை செய்தவர். அவர் வளர்த்த ஐந்து பிள்ளைகள் பெற்ற கல்லூரிப் பட்டங்கள் பதின்மூன்று. மிச்சிகன் மாநிலத்தில் 1962 முதல் 1967 வரை 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளைக் கொண்டு நடந்த பெர்ரி மழலைப் பள்ளி முயற்சியில், ஆசிரியை வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் வீட்டுக்கே சென்று தாயோடு அமர்ந்தாள். அக்குழந்தைகள் நாற்பது வயதை அடைந்தபோது கணக்கெடுத்தனர். மழலைப் பள்ளியில் சேர்க்கப்பட்டவருள் நூற்றுக்கு 65 பேர் உயர்நிலைப் பள்ளியை முறையாக முடித்திருந்தனர்; சேர்க்கப்படாதவருள் 45 பேர்.

இவற்றையெல்லாம் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு மூதாட்டியின் முகம். நான் பணியில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், தாய் இல்லை, தந்தை எங்கோ சென்றுவிட்டவர். பாட்டி இட்லி விற்று வளர்த்தாள். அவன் கணக்கில் தவறியபோது ஆசிரியர் அறையில் அந்த வார்த்தையைச் சொன்னவன் நானே. கடைசிப் பலகைக்கு அவனை அனுப்பியவனும் நானே. ஒரு நாள் பாட்டி பள்ளி வாயிலில் வந்து நின்று, "ஐயா, ராத்திரி ராத்திரி உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சரியாப் படிக்கிறானா, தப்பாப் படிக்கிறானான்னு எனக்குத் தெரியல. நீங்க கொஞ்சம் சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். நான் ஏதோ விடை கூறி அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு அவர்கள் ஊரை விட்டுச் சென்றார்கள். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே, நீங்கிய காரணம் என்னும் இடத்தில், 'குடும்பச் சூழ்நிலை' என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தேன்.